சிறுவர்க்குத் திசையும் நிலப்படமும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில், பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)





இசையும் நாடகமும் இலக்கியமும் நிறைந்த இவ்விழாவில், சிறுவர்க்குத் திசைகளையும் நிலப்படத்தையும் கற்பிப்பது பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்தீர்கள். ஞாயிறுதோறும் இச்சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாங்கள், பூகோளப் பாடத்தில் ஏன் கைவைத்தோம் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் எளியது. 'கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு' என்னும் நான்கு சொற்களையும் எங்கள் பிள்ளைகள் பிழையின்றி எழுதுகிறார்கள். ஒருவர் விடாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால், "கிழக்கு எந்தப் பக்கம்? கையை நீட்டிக் காட்டுங்கள்" என்று கேட்டால், இருபது கைகள் இருபது பக்கம் நீளுகின்றன! சொல் வந்துவிட்டது, பொருள் வரவில்லை. பொருள் வராத சொல்லைக் கற்பித்து என்ன பயன்? இவ்வெண்ணமே எங்களை இத்துறையில் புகுத்தியது.

இது சிறிய செய்தியன்று. கணேச சதுர்த்தி ஊர்வலக் கூட்டத்தில் தாயின் கைப்பிடி நழுவிய ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். காவலர் வினவும்போது, கட்டடத்தின் பெயரை மட்டும் சொல்லும் குழந்தை ஒன்று. "இரயில் நிலையத்துக்குக் கிழக்குப் பக்கம், பாலத்தை விட்டு இறங்கி இரண்டாம் தெரு, மருந்துக் கடைக்கு எதிரில்" என்று சொல்லும் குழந்தை மற்றொன்று. எந்தக் குழந்தை விரைவில் வீடு சேரும் என்று நாங்கள் சொல்லவேண்டுவதில்லை. முகவரி என்பது பிறர் நம்மைத் தேடி வருவதற்கு உதவுவது. திசையறிவு நாமே நம் இடத்தைத் தேடிச் செல்ல உதவுவது. இரண்டும் பிள்ளைக்கு வேண்டும்.

இன்று கைப்பேசி வழிகாட்டுகிறதே என்று கேட்கலாம். காட்டுகிறது, நாங்களும் அதனைப் பயன்படுத்துகிறோம். ஆனால் "இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு" என்று அது சொல்லச் சொல்லத் திரும்புகிறவன், வழியைக் கடக்கிறானேயன்றி வழியை அறிவதில்லை. மின்னூட்டம் தீர்ந்த அன்று அவன் தன் ஊரிலேயே அயலானாகிறான்.

திசை கற்பிக்க இம்மும்பை மாநகரைப் போல் வாய்ப்பான இடம் வேறொன்று காண்பது அரிது. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு இந்நாட்டின் முதற் பயணிகள் வண்டி ஓடிற்று. அதன்பின் வளர்ந்த இருப்புப்பாதைகள், இந்நீண்ட ஒடுங்கிய நகரைப் பெரும்பாலும் தெற்கு வடக்காகப் பிளந்து செல்கின்றன. ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் கிழக்குப் பக்கம் ஒன்று, மேற்குப் பக்கம் ஒன்று. அந்தேரி கிழக்கு, அந்தேரி மேற்கு; காட்கோபர் கிழக்கு, காட்கோபர் மேற்கு. பேருந்தின் பலகையிலும், கடையின் பெயர்ப் பலகையிலும், திருமண அழைப்பிதழிலும் 'ஈஸ்ட்', 'வெஸ்ட்' என்னும் சொற்கள் இருந்துகொண்டே இருக்கின்றன. எழுத்தறியாத குழந்தையும் அவற்றைக் கேட்டு வளர்கிறது. ஆயினும் அக்குழந்தைக்கு அவை ஊர்ப் பெயரின் வாலாகத் தோன்றுகின்றனவேயன்றித் திசையாகத் தோன்றுவதில்லை. நிலைய மேம்பாலத்தின்மேல் அரை நிமிடம் நின்று, "இதோ, காலையில் கதிரவன் எழும் பக்கம், அதனால்தான் இது கிழக்கு" என்று பெற்றோர் ஒருமுறை காட்டினால் போதும். அன்றுமுதல் நகரம் முழுவதும் அப்பிள்ளைக்குப் பாடப்புத்தகமாகிவிடும்.

இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. கிழக்கு என்னும் சொல் 'கீழ்' என்பதன் அடியாகவும், மேற்கு என்னும் சொல் 'மேல்' என்பதன் அடியாகவும் பிறந்தவை என மொழியறிஞர் கூறுவர். மேற்கே மலை உயர்ந்தும் கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்தும் கிடக்கும் தமிழ்நாட்டு நிலத்தின் சாய்வே அவ்விரு சொற்களிலும் பதிந்துள்ளது. தமிழ்நாட்டில் ஆறுகளின் போக்கை நோக்கினாலே கிழக்கு விளங்கிவிடும். மும்பையிலோ நிலைமை தலைகீழ். கடல் மேற்கே, சையாத்திரி மலை கிழக்கே. "மேற்கு என்றால் மேல் என்கிறீர்களே, கடல் எப்படி மேலே இருக்கும்?" என்று எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். சென்னைக் கடற்கரையில் கதிரவன் கடலிலிருந்து எழக் கண்ட பிள்ளை, சௌபாத்தியில் அது கடலில் மறைவதைக் கண்டு திகைப்பது இயல்பே. 'கடல் இருக்கும் பக்கம் கிழக்கு' என்று தாத்தா ஊரில் கற்ற பாடம் இங்கே பொய்க்கிறது.

இத்திகைப்பை அடக்கிவிடாதீர்கள், அதுவே அறிவின் தொடக்கம். மலையாள நாட்டாரும் மும்பையைப் போல் மேற்கே கடலும் கிழக்கே மலையும் உடையவர்கள். அவர்கள் கிழக்கு என்னும் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மேற்கை மட்டும் ஞாயிறு படியும் பக்கம் என்னும் பொருளில் 'படிஞ்ஞாறு' என்கிறார்கள். மராத்தியில் நம் பிள்ளைகள் கற்கும் 'பூர்வ', 'தட்சிண' முதலிய சொற்களோ வடமொழியிலிருந்து வந்தவை. பூர்வம் என்பது முன். பச்சிமம் என்பது பின். தட்சிணம் என்பது வலம். எழுகதிரை நோக்கி நிற்கும் மனிதனின் உடம்பே அங்கு அளவுகோல். ஒரு மொழி நிலத்தை நோக்கித் திசைக்குப் பெயரிட்டது. மற்றொரு மொழி கதிரவன்முன் நிற்கும் மனிதனை நோக்கிப் பெயரிட்டது. இரண்டையும் அறியும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு வாய்த்துள்ளது. இதைக் குறையென்று கருதாமல் பேறென்று கொள்ளவேண்டும்.

இனிக் கற்பிக்கும் முறைக்கு வருவோம். சுவரில் தொங்கும் தேசப் படத்திலிருந்து தொடங்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பிள்ளையின் காலடியிலிருந்தே தொடங்கவேண்டும்.

முதற்படி உடம்பு. நான்கு ஐந்து வயதில் முன், பின், மேல், கீழ், இடம், வலம் ஆகியவை விளையாட்டாக வரவேண்டும். ஆசிரியரும் தாயும் இங்கு ஒன்றை மறவாதிருத்தல் நன்று. பிள்ளைக்கு எதிரில் நின்று "இது வலக்கை" என்று நாம் கையை உயர்த்தினால், பிள்ளை தன் இடக்கையை உயர்த்தும். அது பிள்ளையின் குற்றமன்று. ழான் பியாசே என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர், பார்பெல் இன்ஹெல்டருடன் சேர்ந்து 1948-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விளக்கினார். மேசைமேல் மூன்று மலைகளின் உருவங்களை வைத்து, அவற்றின் மறுபுறம் ஒரு பொம்மையை நிறுத்தி, "பொம்மைக்கு இம்மலைகள் எப்படித் தெரியும்?" என்று சிறுவரைக் கேட்டனர். சிறு குழந்தைகள் தங்களுக்குத் தெரியும் காட்சியையே பொம்மையின் காட்சியாகக் காட்டினர். பிறர் நிற்குமிடத்தில் தன்னை நிறுத்திப் பார்க்கும் ஆற்றல் மெல்ல வளர்வது. ஆதலின் இப்பருவத்தில் பிள்ளையின் அருகில், அது நோக்கும் பக்கமே நாமும் நோக்கி நின்று கற்பிக்கவேண்டும்.

இரண்டாம் படி, மேலிருந்து பார்த்தல். நிலப்படம் என்பது பறவை காணும் காட்சி. நின்ற இடத்திலிருந்து நாம் காணும் காட்சியன்று. இதனை விளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. காப்பி குடிக்கும் டம்ளரும் டவராவும் போதும். டம்ளரைத் தாளின்மேல் வைத்துச் சுற்றிலும் கோடிழுக்கச் சொல்லுங்கள். வட்டம் கிடைக்கும். "டம்ளர் எங்கே? வட்டந்தானே இருக்கிறது?" என்று பிள்ளை வியக்கும். பின்னர் ஒரு தட்டில் டம்ளர், டவரா, தீப்பெட்டி மூன்றையும் வைத்து, நாற்காலிமேல் ஏறி நின்று குனிந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். தட்டின் நிலப்படம் ஆயத்தமாகிவிடும்! அன்றைக்கு அப்பிள்ளை பெரியதோர் உண்மையைக் கற்றுக்கொள்கிறது: படத்தில் பொருளின் உருவம் மாறும், ஒன்றுக்கொன்று உள்ள இடம் மாறாது.

மூன்றாம் படி அளவு. வீட்டுத் தரையில் சதுரச் சதுரமாக ஓடு பதித்திருக்கிறோம். பிள்ளைகளிடம் கணக்குக்குரிய கட்டம் போட்ட ஏடு இருக்கிறது. தரையின் ஓர் ஓட்டுக்கு ஏட்டில் ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டு, கூடத்தை எண்ணி எண்ணி வரையச் செய்யுங்கள். கதவு எத்தனையாம் ஓட்டில் தொடங்குகிறது? அலமாரி எத்தனை ஓட்டை அடைத்திருக்கிறது? ஆறேழு வயதுப் பிள்ளை அரைநாளில் இதனை முடித்துவிடும். அளவுத்திட்டம் என்னும் சொல்லைச் சொல்லாமலே அளவுத்திட்டம் கற்பித்தாயிற்று. பிற்காலத்தில் இந்திய நில அளவைத் துறையின் படத்தாளில், 2 சென்டிமீட்டர் நிலத்தின் 1 கிலோமீட்டரைக் குறிக்கும் என்று படிக்கும்போது, ஓடும் கட்டமும் நினைவுக்கு வரும்.

நாட்டின் பெரும்படமும் இவ்வாறு எண்ணி எண்ணியே வரையப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம். 1802-இல் வில்லியம் லாம்டன், சென்னையில் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார். அந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே சென்ற அளவைப் பணி, அவர் காலத்திற்குப் பின்னும் தொடர்ந்து இமயத்தை எட்டிற்று. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அளவைக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளராமல் பல நாள் உழைத்து அதனைத் தாமே செப்பனிட்டார். ஓடுகளை எண்ணுகையில் கணக்குத் தவறி அழும் பிள்ளைக்கு இக்கதை நல்ல மருந்து.

நான்காம் படி திசை. எட்டு வயதளவில் இதனை முறையாகத் தொடங்கலாம். கதிரவன் எழும் பக்கம் கிழக்கு என்பது தொடக்கத்திற்குப் போதும். ஆனால் அது முழு உண்மையன்று. மார்ச்சு 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டியே கதிரவன் நேர்கிழக்கில் எழுகிறது. மும்பையில் சூன் மாதத்தில் அது கிழக்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை வடக்கே விலகியும், திசம்பரில் அதே அளவு தெற்கே விலகியும் எழுகிறது. ஒரே சன்னலிலிருந்து மாதம் ஒருமுறை நோக்கி, எந்தக் கட்டடத்தின் பின்னிருந்து கதிரவன் எழுகிறது என்று குறித்து வைத்தால், ஓராண்டில் பிள்ளை தானே இதனைக் கண்டுபிடிக்கும்.

துல்லியமாகத் திசை காண நிழற்கோல் உண்டு. மொட்டைமாடியில் ஒரு கோலை நேராக நிறுத்தி, முற்பகலில் நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். கோலை நடுவாகவும் அந்நிழலின் நீளத்தை ஆரமாகவும் கொண்டு சுண்ணக்கட்டியால் வட்டம் வரையவேண்டும். நிழல் குறுகிப் பின் வளர்ந்து, பிற்பகலில் மீண்டும் அவ்வட்டத்தைத் தொடும்போது இரண்டாம் புள்ளி வைக்கவேண்டும். இரு புள்ளிகளையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. அக்கோட்டுக்குச் செங்குத்தான கோடு வடக்கு தெற்கு. நிழல் மிகக் குறுகும் நண்பகல், மும்பையில் கடிகாரம் 12 அடிக்கும்போது வருவதில்லை; சுமார் 12.40-ஐ ஒட்டி வருகிறது. நம் நாட்டின் பொதுநேரம் நமக்குக் கிழக்கே வெகுதொலைவில் உள்ள நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுவதே காரணம். மே மாத நடுவிலும் சூலை இறுதியிலும் கதிரவன் நேர் உச்சியில் நிற்பதால், நண்பகலில் கோலுக்கு நிழலே விழாத நாளும் இங்கு உண்டு. சூலையில் முகில் மறைக்கும். மே மாதத்தில் தவறாமல் காட்டுங்கள்.

இம்முறை நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுக்கும் நூலறிந்தோர் நண்பகற் பொழுதில் கோல்களின் நிழலைக் கொண்டு திசை கண்டு, கயிறிட்டு அளந்த செய்தியை நக்கீரர் பாடியிருக்கிறார். மொட்டைமாடியில் நிழல் அளக்கும் பிள்ளைக்கு இதனைச் சொல்லுங்கள். சங்க இலக்கியம் தேர்வுக்குரிய பாடமாக நில்லாமல், தன் கையில் உள்ள சுண்ணக்கட்டியோடு தொடர்புடையதாகிவிடும்.

இந்நான்கு படிகளும் ஏறிய பின்பே தேசப் படத்தை எடுக்கவேண்டும். எடுத்தாலும் சுவரில் மாட்டாமல் முதலில் தரையில் விரிக்கவேண்டும். படத்தின் வடக்கை மெய்யான வடக்கோடு பொருத்தி விரித்தால், படத்திலுள்ள சென்னை மெய்யான சென்னையின் பக்கமே நோக்கும். சுவரில் மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளை, வடக்கு வானத்திலும் தெற்கு தரையிலும் இருப்பதாக எண்ணுகிறது. கன்னியாகுமரி அதற்குக் 'கீழே' இருக்கிறது! வடக்கை மேலே வரைவது ஒரு வழக்கு, உடன்பாடு. நிலத்தில் அப்படியொரு மேலும் கீழும் இல்லை. தரையில் விரித்த படத்தின்மேல் மும்பையில் நின்றுகொண்டு, "பாட்டி வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டால், பிள்ளை சன்னலைத் தாண்டித் தென்கிழக்கே கை நீட்டும். அந்தக் கை நீளும் காட்சியைக் காணவே இத்தனை பாடமும்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்கிறோம். அப்பயணத்தை உறங்கிக் கழிக்கவிடாதீர்கள். படத்தில் மும்பைக்கும் சென்னைக்கும் நேராக நூல் பிடித்தால் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர் வரும். இருப்புப்பாதை வழியே நூலை வளைத்து வைத்தால் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர் வரும். ஏன் இந்த வேறுபாடு? கர்ஜத்திலிருந்து லோணாவளா வரை, 1863-இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதையில், 28 கிலோமீட்டர் தொலைவுக்குள் வண்டி 500 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. வளைந்தும் குகைக்குள் நுழைந்தும் ஏறும்போது, காரணம் தானே விளங்கும்.

மலையேறியபின் ஆறுகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். ராய்ச்சூருக்கு முன் கிருஷ்ணை, அதற்கப்பால் துங்கபத்திரை. கிருஷ்ணை பிறக்கும் மகாபலேசுவரத்திலிருந்து அரபிக் கடல் ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். ஆயினும் அது அக்கடலை நாடாமல், 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. ஏன்? மலைத்தொடரின் அப்புறத்தில் நிலம் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அங்கே மேற்கு மேல், கிழக்கு கீழ். மும்பையில் பொய்யாகத் தோன்றிய தமிழ்ச் சொல், மலையைத் தாண்டியதும் மெய்யாகிவிடுகிறது! "கடல் எப்படி மேலே இருக்கும்?" என்று கேட்ட சிறுமிக்கு நாங்கள் தந்த விடையும் இதுதான்: "மலையின் எந்தப் பக்கத்தில் நின்று அச்சொல்லைப் படைத்தார்கள் என்று பார்."

காற்றையும் இவ்வாறே காட்டலாம். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று தமிழர் பெயரிட்டனர். தமிழ்நாட்டில் மேல்காற்று வறண்டு வீசும். மும்பையிலோ சூன் மாதத்தில் கடலிலிருந்து வரும் அதே காற்று பெருமழையைக் கொட்டுகிறது. அக்காற்று மலையில் மோதித் தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, வெறுங்கையுடன் அப்புறம் போகிறது. படத்தில் பழுப்பு நிறத்தில் தீட்டிய ஒரு மலைக்கோடு, ஓர் ஊருக்கு மழையையும் மற்றோர் ஊருக்கு வறட்சியையும் பங்கிடுகிறது என்று அறிந்த பிள்ளைக்குப் படம் பேசத் தொடங்குகிறது.

மதுரைக்குச் செல்வோர் பிள்ளைகளைக் கோயிலைச் சுற்றி நடத்துங்கள். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சூழ ஒன்றாக அமைந்த தெருக்களுக்குக் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்னும் அடைமொழிகள் உண்டு. கீழ மாசி வீதி என்று கேட்டவுடனே, கோயிலுக்கு எந்தப் பக்கம், எத்தனையாவது சுற்று என்று சொல்லிவிடலாம். அவ்வூரின் தெருப்பெயர்களே ஒரு நிலப்படம். ஊரிலிருந்து திரும்பியபின், நம் குடியிருப்பைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு அவ்வாறு பெயரிடச் சொல்லுங்கள்.

கைப்பேசியை ஒதுக்கவேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அதன் படத்தை எப்போதும் வடக்கு மேலே இருக்குமாறு நிறுத்திவைத்து, குரலை அடக்கிவிட்டு, "அடுத்து எந்தப் பக்கம் திரும்பவேண்டும்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளை சொன்னபின் நடந்து பாருங்கள். அப்போது கருவி ஆசானாக இராமல், விடை சரிபார்க்கும் துணையாக இருக்கும்.

பெற்றோர்களே! இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்காதீர்கள். "வடக்கே தலைவைத்துப் படுக்காதே" என்று நம் பாட்டிமார் இரவுதோறும் சொன்னார்கள். அந்நம்பிக்கையைக் கொள்வதும் தள்ளுவதும் அவரவர் விருப்பம். ஆனால் அவ்வொரு சொல்லால், வீட்டின் வடக்கு எது என்பதை நாள்தோறும் ஒவ்வொரு குழந்தையும் அறிந்திருந்தது. அதுபோல் நாளுக்கு ஒரு வினா போதும். "நம் வீட்டு வாசல் எந்தத் திசை? பள்ளி எந்தத் திசை? இன்று காற்று எங்கிருந்து வருகிறது?"

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம், நம் பிள்ளைகள் இரு நிலங்களுக்கும் உரியவர்களாக வளரவேண்டும் என விரும்புகிறோம். இருக்கும் ஊரை அறியாமல் முன்னோர் ஊரை மட்டும் புகழ்வதும், முன்னோர் ஊரை மறந்து இருக்கும் ஊரில் மட்டும் உலவுவதும் அரைகுறை வாழ்வே. தான் நிற்குமிடம் எது, தன்னவர் இருக்குமிடம் எது, இரண்டிற்கும் இடையில் எந்த மலை, எந்த ஆறு என்று கைநீட்டிச் சொல்லத் தெரிந்த பிள்ளை எங்கும் திகைக்காது. வரும் ஞாயிறுமுதல் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து இச்சங்கத்துக்கு வரும் வழியைத் தானே வரைந்து கொண்டுவருமாறு கேட்டிருக்கிறோம். கோடு கோணலாக இருக்கலாம். அழித்து அழித்துத் தாள் கிழிந்தும் இருக்கலாம். நீங்கள் வரைந்து கொடுத்துவிடாதீர்கள். உடன் நடந்து வாருங்கள், அது போதும்.